கண்ணுக்குத் தெரியாத காற்றும் அதை அளக்கும் கருவியும்



சென்ற இதழில் வெளிவந்த தேவைப் பட்டியலில் தொட்டில்கள், கம்பளிகள், ஆய்வுக்கூடச் சாமான்கள் இவற்றோடு, "காற்றில் உள்ள வாயுக்களை அளக்கும் கருவி ஒன்று" என்றும் ஒரு வரி இருந்தது. அதைக் கவனித்த சிலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். "இது தீயணைப்புத் துறைக்கு வேண்டிய பொருள் அல்லவா? வியாதியஸ்தரைக் கவனிக்கும் இடத்தில் இதற்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் ஜெபத்தோடு அனுப்பும் காணிக்கை எதற்குப் போகிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஒரு பனிக்கால இரவு

வெலிங்டனில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியெல்லாம் உறைபனி படியும். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இரவில் சட்டியில் கரி நெருப்பு போட்டு, கதவையும் ஜன்னலையும் இறுக மூடிக்கொண்டு படுப்பவர்கள் இன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. தாயும் இரண்டு பிள்ளைகளும் எழுப்பியும் எழும்பவில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நமது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். சின்னப் பிள்ளையைத் தூக்கி வந்து வெளியே கிடத்தினார். அடுத்த பிள்ளைக்காக மறுபடி போனவர் வாசற்படியிலேயே கால் தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். உடன் போன உதவியாளர் சமயோசிதமாக ஜன்னல்களை வெளியிலிருந்து உடைத்துத் திறந்த பிறகே மற்ற இருவரையும் கொண்டுவர முடிந்தது. தேவ கிருபையால் நால்வரும் பிழைத்தார்கள். ஆனால் அன்று நமது ஊழியர் ஒருவரையும் இழந்திருப்போம். அவருடைய தைரியத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அறையின் காற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒன்றும் கையில் இல்லை, அவ்வளவுதான்.

கரி முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். இன்னொரு ஆபத்தும் உண்டு. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சாதாரணக் கருவி, இந்த விஷம் ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தம் என்றே கணக்கிட்டு 97, 98 என்று காட்டும். சம்பவ இடத்திலேயே காற்றை அளந்து, "கார்பன் மோனாக்சைடு இத்தனை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், மருத்துவர் அந்த எண்ணால் ஏமாறாமல் உடனே முழு ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்கலாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

பறவையிலிருந்து கருவிக்கு

வெளியே போகுமுன் வெளியே என்ன இருக்கிறது என்று பார்ப்பது புதிய ஞானம் அல்ல. நோவா பேழையைவிட்டு இறங்குமுன் புறாவை அனுப்பிப் பார்த்தார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரி என்ற சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்றார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை அது. மனிதனுக்கு முன்பே பறவை மயங்கி விழும். அதைக் கண்டு சுரங்கத் தொழிலாளர் வெளியேறுவார்கள். 1986 வரை அங்கே இந்தப் பழக்கம் இருந்தது. அதற்கு முன்பே 1815இல் ஹம்ப்ரி டேவி செய்த பாதுகாப்பு விளக்கின் சுடர் உயர்ந்தால் எரியும் வாயு இருக்கிறதென்றும், அணைந்தால் மூச்சுக்காற்று போதவில்லையென்றும் அறிந்தார்கள். இன்று அந்தப் பறவையும் விளக்கும் செய்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி செய்கிறது.

நான்கு வாயு மீட்டர்

தீயணைப்பு வீரர்களும் பாதாளச் சாக்கடை மீட்புப் பணியாளர்களும் முதலில் எடுத்துச் செல்வது நான்கு வாயு மீட்டர். நாம் கேட்டிருப்பதும் இதுவே. அது அளப்பவை நான்கு.

முதலாவது ஆக்சிஜன். நல்ல காற்றில் இது 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே போனாலும் கருவி ஒலி எழுப்பும். குறைந்தால் மனிதன் மயங்குவான். கூடினால் துணியும் தலைமுடியும்கூட எளிதில் தீப்பற்றும். ஆக்சிஜன் சிலிண்டர்களை வைத்திருக்கும் நம்மைப் போன்ற இடங்களில் இந்த இரண்டாவது ஆபத்தையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது எரியும் வாயு. சமையல் எரிவாயு காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தால் பற்றிக்கொள்ளும். இந்தக் கீழ் எல்லையை 100 என்று வைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு வந்துவிட்டது என்றே கருவி காட்டும். 10 வந்ததும் எச்சரிக்கும். எல்லையில் இன்னும் ஒன்பது பங்கு மீதி இருக்கும்போதே பின்வாங்க வேண்டும் என்பது விதி.

மூன்றாவது கார்பன் மோனாக்சைடு. நான்காவது ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. இவ்விரண்டையும் பி.பி.எம். என்ற கணக்கில் அளக்கிறார்கள். காற்றைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பது அதன் பொருள். கார்பன் மோனாக்சைடு 35 பி.பி.எம்., ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம். ஆனதும் ஒலி எழும்பும்படி வழக்கமாக அமைப்பார்கள்.

"நாற்றம் அடித்தால் தெரியுமே" என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 100 பி.பி.எம். ஆனால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று குழிக்குள் இறங்குபவர், அது அதிகமானதால்தான் தெரியவில்லை என்பதை அறியமாட்டார். செப்டிக் டேங்க் விபத்துச் செய்திகளில், முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும், அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து இறந்ததை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

நான்கையும் ஒரே கருவி அளப்பது ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். கார்பன் மோனாக்சைடும் எரியும் வாயுதான். காற்றில் 12.5 சதவீதம் கலந்தால் பற்றும். எரியும் வாயுவுக்கான எச்சரிக்கையை மட்டும் நம்பினால், அது ஒலிக்கும்போது காற்றில் 12,500 பி.பி.எம். ஏறியிருக்கும். 1,200 பி.பி.எம். இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. ஒலி கேட்பதற்குள் கேட்பவர் இருக்கமாட்டார்.

ஒரு கருவி எல்லாவற்றையும் காணாது

இந்த மீட்டர் காணாத வாயுக்களும் பல உண்டு. குளோரினையும் அம்மோனியாவையும் பாதரச ஆவியையும் அளக்க அதில் சென்சார் இல்லை. ஆகவே அவசரப் பணியாளர்கள் வேறு சிலவற்றையும் வைத்திருப்பார்கள்.

மிக எளியது நனைத்த லிட்மஸ் தாள். அமில ஆவியா, கார ஆவியா என்று சில நொடியில் சொல்லும். அடுத்தது கண்ணாடிக் குழல். இரு முனையையும் உடைத்து, சிறு கைப்பம்பில் பொருத்திக் காற்றை இழுத்தால், உள்ளே இருக்கும் ரசாயனம் நிறம் மாறும். நிறம் எவ்வளவு தூரம் ஏறியதோ அதுவே அளவு. ஒவ்வொரு வாயுவுக்கும் வேறு வேறு குழல் வேண்டும். காலாவதித் தேதியும் உண்டு. மூன்றாவது, புற ஊதா விளக்கு வைத்த கருவி. பெட்ரோல், பெயிண்ட் தின்னர், ஸ்டைரீன் போன்றவற்றின் ஆவியை மிகக் குறைந்த அளவிலேயே காட்டும். 2020 மே 7ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கசிந்தது ஸ்டைரீன். அதை இந்தக் கருவி நன்றாகக் காணும். ஆனால் 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட், இவற்றில் வழக்கமாக உள்ள விளக்கின் சக்திக்குச் சற்று மேலே இருப்பதால் கண்ணில் படாமல் போகும். இது ஏதோ ஆவி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, இன்னது என்று பெயர் சொல்லாது.

குளோரினுக்கு நம் ஊர் நீரேற்று நிலையங்களில் பழைய முறை ஒன்று உண்டு. அம்மோனியாக் கரைசலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி வால்வின் அருகே காட்டினால், கசிவு இருக்குமிடத்தில் வெண்புகை எழும்பும். பயிற்சி பெற்றவர் கையில் அதுவும் ஒரு கருவிதான்.

டோக்கியோவின் பாடம்

மருத்துவமனைக்கு இதில் என்ன பங்கு என்பதற்கு 1995 மார்ச் 20ஆம் தேதி பதில் சொல்கிறது. அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சிலர் சாரின் என்ற நரம்பு விஷத்தைப் பரப்பினார்கள். அருகிலிருந்த செயிண்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு 600க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அதுவும் ருடால்ஃப் டாய்ஸ்லர் என்ற மிஷனெரி மருத்துவர் தொடங்கிய மருத்துவமனை. இடம் போதாமல் ஆலயத்தையும் திறந்துவிட்டார்கள்.

தீயணைப்புத் துறையினர் கருவியால் பரிசோதித்து, விஷம் அசிட்டோநைட்ரைல் என்று முதலில் தெரிவித்தார்கள். அது தவறு. சாரின் என்ற உண்மை வெளிவரச் சுமார் மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மருத்துவர்கள் நோயாளிகளின் சுருங்கிய கண்மணிகளைப் பார்த்தும், முந்தின ஆண்டு மத்சுமோட்டோ நகரில் இதே விஷத்தைக் கண்ட மருத்துவர்களின் ஆலோசனையைக் கேட்டும் சரியான வழிக்கு வந்திருந்தார்கள். கருவி முக்கியம். ஆனால் நோயாளியின் உடல் சொல்வதையும் கருவி சொல்வதையும் சேர்த்துப் பார்ப்பவரே மருத்துவர்.

இன்னொன்றும் நடந்தது. வந்தவர்களின் உடையிலிருந்து எழும்பிய ஆவி ஊழியர்களையும் தாக்கியது. பின்னர் எடுத்த விசாரணையில் பதிலளித்த 472 ஊழியர்களில் 110 பேர் தங்களுக்கும் பாதிப்பு இருந்ததாகத் தெரிவித்தார்கள். காற்றோட்டம் குறைவாயிருந்த ஆலயத்தில் பணி செய்தவர்களுக்கே அது மிக அதிகம். இரக்கத்தோடு கதவைத் திறந்தவர்கள் அவர்கள். வாசலிலேயே உடையை மாற்றி, தண்ணீரால் கழுவி, காற்றை அளந்து உள்ளே அனுமதிக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் அத்தனை பேர் துன்பப்பட்டிருக்க மாட்டார்கள்.

நமது மலையில்

"இங்கே போபாலும் டோக்கியோவும் வருமா?" என்று கேட்கலாம். வராதிருக்க ஜெபிக்கிறோம். ஆனால் சிறியவை வரக்கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் எரிபொருளும் எரிவாயுவும் ஏறி வருகின்றன. 2025 ஜனவரி 3ஆம் தேதி சமதளத்திலுள்ள கோயம்புத்தூரிலேயே மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து, சுற்றிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. அடுத்த ரயில் நிலையமான அருவங்காட்டில் 1904 முதல் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட்டுக்கு வேண்டிய பஞ்சு மருந்து நைட்ரிக் அமிலத்தால் ஆவது. குறை சொல்ல இதை எழுதவில்லை. நைட்ரிக் அமிலம் எங்கே சிந்தினாலும் எழும்பும் பழுப்பு நிறப் புகையைப் பற்றி ஒரு மருத்துவமனை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். அந்தப் புகையைச் சுவாசித்தவர் முதலில் இலேசாக இருமிவிட்டு, நலமாயிருக்கிறேன் என்று வீட்டுக்குப் போவார். பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். என்ன வாயு என்று தெரிந்தால் அவரை அனுப்பாமல் ஓரிரவு படுக்கையில் வைத்துக் கவனிப்போம்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. நல்ல பயிற்சியும் கருவிகளும் உள்ள படை. ஆனால் அரக்கோணம் தூரம். 2009 நவம்பர் நிலச்சரிவில் மலைப்பாதைகள் அடைபட்டதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. முதல் சில மணி நேரம் உள்ளூர் தீயணைப்பு நிலையமும், 108 வண்டியும், நம்மைப் போன்ற மருத்துவமனைகளுமே உதவி.

அளவு எடுப்பதில் நேரமும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். தொழிற்சாலை வாயிலருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவு, கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். அது ஏறக்குறைய 3 பி.பி.எம். மட்டுமே. ஓர் இடத்தில் ஒரு வேளையில் எடுத்த எண், மற்றோர் இடத்தில் நோயாளி சுவாசித்தது எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே எங்கே, எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி நோயாளியோடு அனுப்ப வேண்டும். எரிவாயுவும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை. பள்ளத்தில் இறங்கித் தங்கும். நம் பள்ளத்தாக்குகளில், குளிர்ந்த காற்று கீழே தேங்கி நிற்கும் விடியற்காலையில் இது இன்னும் ஆபத்து.

மலைக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேல் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆக்சிஜன் இங்கும் 20.9 சதவீதமே. ஆனால் சில வகை சென்சார்கள் அழுத்தத்தைக் கொண்டே ஆக்சிஜனைக் கணக்கிடும். மேட்டுப்பாளையத்தில் சரிபார்த்த அப்படிப்பட்ட கருவியை வண்டியில் வைத்து மேலே கொண்டுவந்தால், சுத்தமான காற்றிலேயே 17 சதவீதம் அளவில் காட்டி வீணாக அலறும். அதைப் பழுது என்று அணைத்துவிடுவோரும் உண்டு. மேலே வந்ததும் திறந்த வெளியில் வைத்து மறுபடி சரிசெய்ய வேண்டும். பனிமூட்டத்தின் ஈரமும் புற ஊதா விளக்குக் கருவியின் அளவைக் கெடுக்கும்.

வாங்குவதும் வைத்துக் காப்பதும்

இப்போது உங்களிடம் ஒன்றை மனந்திறந்து சொல்ல வேண்டும். கருவி வாங்கித் தர மனமுள்ளவர்கள் கிடைக்கிறார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் இந்தக் கருவி தையல் இயந்திரம் போல ஒரு முறை வாங்கிப் பல வருஷம் வைத்துக்கொள்வது அல்ல. அதன் சென்சார்கள், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும், பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். எடுத்துச் செல்லுமுன் ஒவ்வொரு முறையும், அளவு தெரிந்த வாயுவைச் சிறிது காட்டி, ஒலி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே பட்டால் எரியும் வாயு சென்சார் சத்தமில்லாமல் செத்துப்போகும். பிறகு எந்த அறையிலும் பூஜ்யம் என்றே காட்டும். செத்த கருவி காட்டும் பூஜ்யத்தை நம்பி உள்ளே போகிறவர், கருவியே இல்லாமல் தயங்கி நிற்பவரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்.

ஆகவே கருவியின் விலையோடு, பரிசோதனை வாயு, மாற்றுச் சென்சார், வருடாந்தரச் சரிபார்ப்பு, இரண்டு ஊழியருக்குப் பயிற்சி இவற்றுக்கும் சேர்த்தே கேட்கிறோம். இந்தச் செலவுக்கு உபயதாரர் பெயர்ப் பலகை வைக்க இடமில்லை. ஆனாலும் இதுவே உயிர் காக்கும் பகுதி. பராமரிப்புக்கு வழியில்லையென்றால் வாங்காமலிருப்பதே மேல் என்று எங்கள் குழு தீர்மானித்திருக்கிறது.

உங்கள் வீட்டில்

வாசிக்கும் நீங்களும் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். கரி நெருப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். குளிர் எவ்வளவு இருந்தாலும் தூங்குமுன் கணப்பை வெளியே எடுத்துவிடுங்கள். எரிவாயு நாற்றம் அடித்தால் மின்விசிறியையோ விளக்கையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். குழிக்குள் யாராவது மயங்கி விழுந்தால் பின்னாலே இறங்காமல் 101 அல்லது 112க்குக் கூப்பிடுங்கள். அன்பில்லாததால் நிற்கச் சொல்லவில்லை. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரை அடக்கம் பண்ணக் கூடாது என்பதால் சொல்கிறோம்.

நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கண்டு விலகிப் போகவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் அவனிடம் ஆயத்தமாக இருந்தன. நாமும் ஆயத்தமாயிருக்க விரும்புகிறோம். அன்று வாசற்படியில் தளர்ந்து உட்கார்ந்த ஓட்டுநர் இன்றும் நம்மோடு ஊழியம் செய்கிறார். இந்தக் குளிர்காலத்திலும் இரவில் அழைப்பு வந்தால் முதலில் போகிறவர் அவர்தான். அவருடைய சட்டைப் பையில் வேலை செய்கிற ஒரு கருவி இருக்க வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

ஜெபக் குறிப்புகள்: ஆம்புலன்ஸ் ஊழியரின் பாதுகாப்புக்காக. பனிக்காலத்தில் லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களுக்காக. நமது தீயணைப்பு நிலைய வீரர்களுக்காக. கருவிக்கும் அதன் பராமரிப்புக்கும் வேண்டியதைக் கர்த்தர் சந்திக்கும்படியாக.